சேகரிப்போர் பிற்போக்காளரா?

எமது தலைமுறையினரிடையே, அதிலும் குறிப்பாகக் கலைப்பீட மாணவரிடையே, ஒரு கருத்து ஏறத்தாழ விவாதத்திற்கு அப்பாற்பட்டதாக நிலைபெற்று வருகின்றது. இசைத்தட்டு, ஒலிநாடா, இறுவட்டு என்பவற்றை வாங்கிச் சேர்த்து வைப்போர் காலத்தோடு ஒட்ட ஒழுகத் தெரியாதவர். பழமையில் மயங்கிக் கிடப்போர். சற்றுக் கடுமையாகச் சொல்வதாயின், கலையைப் பண்டமாக்கித் தம் வீட்டு அலுமாரியிற் பூட்டி இன்புறும் சிறுமுதலாளித்துவ மனப்பான்மையினர் என்பதே அக்கருத்தாகும். இதற்கு எதிர்முனையிலே 'ஸ்ட்ரீமிங்' எனப்படும் இணையவழிச் சேவைகள் வைக்கப்படுகின்றன. அங்கே எவருக்கும் எதுவும் சொந்தமில்லை. எல்லாருக்கும் எல்லாம் உண்டு. சிறிய மாதக் கட்டணத்துடன் உலகத்துத் திரைப்படங்களும் பாடல்களும் உள்ளங்கைக்கு வந்து சேர்கின்றன. ஆகவே அதுவே முற்போக்கானது, அதுவே மக்கள்மயமானது என்கின்றனர்.

இக்கருத்தைச் சொல்வோர் தம்மை இடதுசாரிகள் என்றும் கூறிக்கொள்கின்றனர் என்பதனாலேயே இதனைச் சற்று விரிவாக நோக்க வேண்டியுள்ளது. வணிக நிறுவனமொன்றின் விளம்பர வாசகத்தை வணிகன் சொன்னால் அதிலே வியப்பில்லை. அரசியற் பொருளாதாரம் படித்தவன் அதனைத் தன் கண்டுபிடிப்புப் போலச் சொல்லும்போதுதான் நகைப்புக்கிடமாகின்றது.

கேட்போனுக்கும் பார்ப்போனுக்கும் அங்கே எதுவும் சொந்தமில்லை என்பது உண்மையே. ஆயின் எவருக்குமே சொந்தமில்லை என்பது முழுப் பொய். அச்சேவைகளில் உள்ள ஒவ்வொரு பாடலும் ஒவ்வொரு படமும் ஒரு நிறுவனத்தின் உடைமை. முன்னெக்காலத்திலும் இல்லாத அளவுக்கு முழுமையான உடைமை. ஒரு பட நிறுவனம் பத்தாயிரம் ஒளிநாடாக்களை விற்ற காலத்திலே, விற்ற கணத்தோடு அந்தப் பத்தாயிரத்தின் மீதும் அதற்கிருந்த பிடி தளர்ந்துவிடும். வாங்கியவன் அதனை அயலவனுக்கு இரவல் கொடுக்கலாம். பழைய விலைக்கு விற்கலாம். தன் பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம். இவ்வுரிமை தானாக வந்ததன்று. 1908ஆம் ஆண்டிலே அமெரிக்க உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. தமது நாவலை ஒரு டொலருக்குக் குறைந்த விலைக்கு எவரும் விற்கக்கூடாதென நூலினுள்ளேயே அச்சிட்டிருந்தனர் ஒரு பதிப்பகத்தார். ஒரு கடைக்காரர் 89 சதத்துக்கு விற்றார். பதிப்பகத்தார் வழக்குத் தொடர, ஒருமுறை விற்றபின் அப்பிரதியின் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பதிப்பாளருக்கு இல்லை என நீதிமன்றம் தீர்த்தது. பழைய புத்தகக் கடையும் இரவல் நூலகமும் உயிர்வாழ்வது இத்தகைய கோட்பாட்டின் மீதுதான். இதே கோட்பாட்டை எண்மக் கோப்புகளுக்கும் விரிக்க வேண்டுமென ரிடிஜி என்ற நிறுவனம் வழக்காடியது. காசு கொடுத்து வாங்கிய பாடற் கோப்பை மறுபடி விற்பதற்கு வழிசெய்த நிறுவனம் அது. 2018ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்துவிட்டது. நூற்றுப்பத்து ஆண்டுகளில் வாங்குவோன் குத்தகைக்காரனாகிவிட்டான். குத்தகைக்காரனுக்காவது ஓர் உறுதி எழுதி, ஆண்டுக் கணக்குச் சொல்லித்தான் நிலம் கொடுப்பார்கள்.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று. 2009ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமேசன் நிறுவனம் தான் விற்ற இரு நூல்களை வாங்கியோரின் வாசிப்புக் கருவிகளிலிருந்து, அவர்களைக் கேளாமலே, தொலைவிலிருந்து அழித்தது. பதிப்புரிமை இல்லாத ஒருவர் அவற்றை அங்கே விற்பனைக்கு வைத்திருந்தார் என்பது காரணம். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒரு பாடசாலை மாணவன் தான் எழுதிவைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின என்று வழக்குத் தொடர்ந்தான். நிறுவனத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கோரினார். அழிக்கப்பட்ட நூல்கள் ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய இரண்டும் என்பதை ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால், இது மிகைப்படக் கூறல் என்று எமது விமரிசகர்கள் ஒதுக்கியிருப்பர். 2019ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது அங்கே வாங்கப்பட்ட நூல்கள் யாவும் திறவாது போயின. அங்கும் பணம் திரும்பிற்று, நூல் திரும்பவில்லை. ஒரு புத்தகக்கடை மூடப்பட்டால் அங்கே வாங்கிய புத்தகங்கள் வீட்டு அலுமாரியிலிருந்து மறைந்து போகும் என்று எம் பாட்டனாரிடம் கூறியிருந்தால் அவர் எம்மைச் செய்வினைக்குப் பார்வை பார்க்க அழைத்துச் சென்றிருப்பார். ஈற்றில் 2024ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலம், இவ்வாறு தரப்படுவது அனுமதி மாத்திரமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாதெனச் சட்டமியற்றியது. சட்டம் பொருளைக் காக்கவில்லை; சொல்லை மாத்திரம் திருத்தியது.

மாதக் கட்டணச் சேவைகளிலோ 'வாங்குக' என்ற பாசாங்குகூட இல்லை. 2023ஆம் ஆண்டு மே மாதம் டிஸ்னி நிறுவனம் தானே தயாரித்த தொடர்களுள் பலவற்றைத் தன் சேவையிலிருந்து நீக்கிக் கணக்கேட்டிலே பெறுமதிக் குறைப்பாகப் பதிந்தது. அவற்றுள் 'வில்லோ' என்ற தொடர் நிறைவு பெற்று நான்கு மாதமே ஆகியிருந்தது. அப்போது அதற்கு இறுவட்டுப் பதிப்பு இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான கலைஞரும் தொழிலாளரும் உழைத்து ஆக்கிய ஒன்று, எவரிடமும் ஒரு பிரதியின்றி, கணக்காளரின் ஒரு வரியாக முடிந்தது. உற்பத்தியாளன் தன் உழைப்பின் விளைவிலிருந்து அந்நியமாதல் பற்றிப் பரீட்சை வினாத்தாளிலே இரண்டு பக்கம் எழுதும் நண்பர்கள் இந்த உதாரணத்தையும் சேர்த்துக் கொள்ளலாம்.

நீக்குதலாவது கண்ணுக்குத் தெரியும். திருத்துதல் தெரியாது. வில்லியம் ஃபிரிட்கின் 1971ஆம் ஆண்டு நெறியாண்ட 'த ஃபிரெஞ்ச் கனெக்ஷன்' படத்திலே கதாநாயகனான பொலிஸ்காரன் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் ஒரு கட்டம் உண்டு. 2023ஆம் ஆண்டிலே சில இணையவழிச் சேவைகளில் ஓடிய பிரதியில் அக்கட்டம் எவ்வித அறிவித்தலுமின்றி வெட்டப்பட்டிருந்தமை தெரியவந்தது. அச்சொல் வெறுக்கத்தக்கதே. ஆயின் அப்பொலிஸ்காரன் எத்தகையவன் என்பதைப் பார்வையாளனுக்குக் காட்டவே அது அங்கே இருந்தது. வெட்டியபின் அவன் சற்று நல்லவனாகிவிட்டான். இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவக்கூடியவர் யாவர்? பழைய இறுவட்டை எறியாது வைத்திருந்தவர்களே.

தமிழ்ப் படங்களுக்கு இது நேராதென்று எண்ண வேண்டாம். தனுஷ் நடித்து 2013இல் வந்த 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் 'அம்பிகாபதி'. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் உரிமை நிறுவனம் அதன் முடிவைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு மாற்றி, இறந்த கதாநாயகனை உயிர்ப்பித்துத் திரையரங்குகளில் மீண்டும் வெளியிட்டது. நெறியாளரும் நடிகரும் கண்டித்தனர். கண்டனம் செய்தித்தாளில் வந்ததோடு சரி. பழைய பிரதி வைத்திருப்பவன் வீட்டிலே அக்கதாநாயகன் இன்றும் இறந்தே போகிறான். 2023ஆம் ஆண்டு திசெம்பரில் வெளிவந்த 'அன்னபூரணி'யோ அடுத்த மாதமே மத அமைப்புகளின் எதிர்ப்பால் நெற்ஃபிளிக்ஸிலிருந்து அகற்றப்பட்டது. அப்படம் சிறந்ததா அன்றா என்பது வேறு விடயம். எனக்கு அதனைப் பற்றிப் பெரிய மதிப்பில்லை. ஆயினும் ஒரு படத்தை நூறு ஊர்களில் நூறு திரையரங்குகளில் நிறுத்துவதற்கு முன்னர் நூறு போராட்டம் வேண்டியிருந்தது. இப்போது ஓர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போதும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். அழிவு பற்றி எமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த திரைப்படச் சுருள்களும் எரிந்தன. 'சமுதாயம்' (1962), 'தோட்டக்காரி' (1963) தொடங்கி வந்த ஈழத்துத் தமிழ்ப் படங்களுட் பலவற்றை நாம் பார்த்து அறிந்தோமல்லோம். கட்டுரைகளில் வரும் பெயர்ப் பட்டியலாகவே அறிவோம்.

இந்த இடத்தில் எதிர்வாதி குறுக்கிடுவார். "பார்த்தீரா, தாளும் சுருளும் எரியும், இணையத்தில் உள்ளது எரியாது" என்பார். நல்ல வாதம், ஆனால் அவருக்கே எதிரான வாதம். எரிந்தது தாள் என்பதனால் மட்டுமா இழந்தோம்? ஓரிடத்தில் மாத்திரம் இருந்தமையால் இழந்தோம். அந்நூலகத்திலிருந்த எந்த நூலின் இன்னொரு பிரதி கரவெட்டியிலோ மட்டக்களப்பிலோ மலையகத் தோட்டமொன்றின் ஆசிரியர் விடுதியிலோ ஒரு தனிமனிதனின் பெட்டியில் இருந்ததோ, அந்நூல் பிழைத்தது. எங்கு அவ்வாறு இருக்கவில்லையோ அங்குதான் ஈடுசெய்யவியலாத இழப்பு. பிரதிகள் பல கைகளிற் சிதறிக் கிடத்தலே ஒரு பண்பாட்டின் காப்பு. இணையவழிச் சேவை அச்சிதறலை ஒழித்து யாவற்றையும் ஒரே களஞ்சியத்தில் அடக்குகின்றது. அக்களஞ்சியத்தை அழிக்கத் தீயும் தேவையில்லை.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றியபோது அதன் ஏடுகள் எங்கிருந்து வந்தன? மடங்களிலிருந்தும் தனியார் வீடுகளிலிருந்தும் வந்தன. அவ்வீட்டாருட் பலர் அவ்வேடுகளைப் படிக்கவும் அறியாதவர். ஆயினும் எறியாதிருந்தனர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்து 1992இல் மறைந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும்கூடச் சேர்த்தார். அவர் சேர்த்தவற்றைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கியதன் பயனாகவே சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. தமிழ்நாட்டு மேடை நாடகம் பற்றி இன்று ஆய்வு செய்வோர், தெருவில் எறியப்பட வேண்டிய தாளை எறியாதுவிட்ட ஒருவருக்குக் கடன்பட்டுள்ளனர். தென்னிந்திய மௌனப் படங்களுள் 1933ஆம் ஆண்டின் 'மார்த்தாண்ட வர்மா' தப்பியது இதனிலும் விநோதமானது. மூலநாவலின் பதிப்பாளர் உரிமை வழக்குத் தொடர்ந்து படச்சுருளைக் கைப்பற்றி வைத்தனர். வழக்கிற் சிறைப்பட்ட சுருளை 1970களில் இந்திய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி. கே. நாயர் மீட்டார். சுதந்திரமாக ஊர்சுற்றிய படங்கள் அழிய, கைதியாகக் கிடந்த படம் வாழ்ந்தது.

பெரிய நிறுவனங்களே காத்துத் தரும் என்று நம்புவோர் பிபிசியை நினைக்க. 1960களின் 'டொக்ரர் ஹூ' தொடரின் பல பகுதிகளை, நாடாவை மறுபடி பயன்படுத்தவும் இடத்தை மிச்சப்படுத்தவும் அந்நிறுவனமே அழித்தது. அப்பகுதிகளின் ஒலி முழுவதும் இன்று கிடைக்கின்றதாயின், அன்று வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி முன் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டிருந்த இரசிகர் சிலரே காரணம். அக்காலத்து அறிவாளிகள் அவர்களையும் பைத்தியங்கள் என்றே கருதியிருப்பர்.

எமது ஊர்களிலும் இத்தகைய பைத்தியங்கள் இருந்தனர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்திலே ரெக்கோடிங் பார்கள் இருந்தன. வெற்று ஒலிநாடாவையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். பட்டியல் எழுதுவதே ஒரு கலை. பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்ற வரையறைக்குள் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று இரவிரவாகச் சிந்திப்பர் என்று மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறேன். இலங்கை வானொலியில் ஒலித்த நாடகங்களையும் மெல்லிசைப் பாடல்களையும் பொப் இசையையும் வீட்டில் இருந்தே பதிந்தவர்கள் உளர். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் காலத்துப் பாட்டுகளைக் கைத்தொலைபேசியிற் கேட்டு மகிழும் நண்பர், அது அங்கே எப்படி வந்தது என்று ஒருகணம் எண்ணுவாராக. பின்னணியில் இரையும் அந்த நாடாவின் ஒலியே விடை சொல்லும். எவரோ ஒருவர் இடம்பெயர்ந்தபோது உடுபுடைவையோடு சேர்த்து அதனையும் தூக்கிச் சென்றிருக்கிறார்.

1990இன் பின் வடக்கிலே மின்சாரமில்லை; மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னோட்டத்தால் வானொலியும் ஒலிநாடாவும் கேட்டனர் எம் பெற்றோர். அக்கருவிக்கு மின்சாரம் மாத்திரமே தேவைப்பட்டது. இணையவழிப் பாடலுக்கு மின்சாரம் வேண்டும், கோபுரம் வேண்டும், கடலடிக் கம்பி வேண்டும், டொலர் வேண்டும், நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அரசாங்கத்தின் சம்மதமும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இவை ஒவ்வொன்றாகக் கைவிட்டதைக் கண்டோம். மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. ஏப்ரல் 3ஆம் திகதி யூரியூப் உட்படச் சமூக ஊடகங்களுக்குத் தடை. டொலரொன்று இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபது ரூபாவரை உயர்வு. வெளிநாட்டுச் சேவைக்குச் செலுத்தும் கட்டணம் வீட்டுக்கு வீடு வெளியேறும் அந்நியச் செலாவணி என்பதையும், ஒருமாதம் அது செலுத்தப்படாவிடின் பத்தாண்டுச் சந்தாவுக்குப் பின்னும் கையில் மிஞ்சுவது வெறுமையே என்பதையும் அவ்வாண்டு கற்பித்தது.

ரெக்கோடிங் பார்கள் உரிமையின்றிப் பிரதி எடுத்தனவே, அது திருட்டல்லவா என்று ஒருவர் கேட்கலாம். ஆம், கலைஞனுக்கு அதிலே ஒரு சதமும் போகவில்லை. எமது சேகரிப்பு மரபின் இழுக்கு அது. அதனை மூடி மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தலே முறை. காசு கொடுக்க முன்வருவோனுக்கும் பிரதியை விற்க மறுத்து, வாடகைக்கு மாத்திரம் தருவோம் என்கின்ற இன்றைய ஒழுங்கோ திருட்டை ஒழிக்காது; வளர்க்கும்.

சேகரிப்போர் யாவரும் பண்பாட்டுக் காவலர் என்று நான் வாதிடவும் வரவில்லை. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு, 1987இன் பின் முதன்முறையாக, இறுவட்டுகளைவிட இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் அதிகமாக விற்பனையாயின. அவற்றை வாங்கியோருள் உறை பிரிக்காமலே வைத்திருப்போர் உண்டு. விலையேறுமென்று காத்திருப்போர் உண்டு. இசைத்தட்டை இயக்கும் கருவியே இல்லாதோரும் உண்டு. ஒரே பாடற் தொகுதியை ஐந்து நிறத்தில் அச்சிட்டு ஐந்தையும் ஒருவனுக்கே விற்பது நிறுவனங்களின் புதிய தந்திரம். இவர்கள் மீது பிற்போக்காளர் என்ற சொல்லை வீசுவோருடன் எனக்குச் சண்டையில்லை. கேளாத பாட்டைச் சேர்த்து வைப்பவன் பாட்டைச் சேர்க்கவில்லை, பணத்தைச் சேர்க்கிறான்.

எண்மத் தொழில்நுட்பமும் எமக்குப் பகையன்று. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்மமாக்கி வருவதை அறியாத தமிழ் மாணவன் இப்பல்கலைக்கழகத்தில் இருக்க நியாயமில்லை. அது எமது வாதத்துக்கு அரணாகவே நிற்கின்றது. அங்கே ஒரு நூலை எவரும் தரவிறக்கித் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம். நாளை அத்தளம் நின்றாலும் அப்பிரதி நிற்கும். அன்றியும் அங்கே ஏறியவற்றுட் பெரும்பகுதி தனியாரின் அலுமாரிகளிலிருந்தே சென்றது. அலுமாரிகள் வெறுமையானால் எண்மமாக்க எதுவும் இராது. வன்தட்டில் வைத்திருக்கும் கோப்பும் சேகரிப்பே. என் கையில் இருக்கிறதா, இன்னொருவன் தயவில் இருக்கிறதா என்பதே வினா.

எஞ்சியிருப்பது காலநிலை. எம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஒலிநாடாவிற் பூஞ்சணம் படரும். உறையைக் கறையான் அரிக்கும். இறுவட்டின் பூச்சு உரியும். இதற்கு மறுப்பில்லை, வேலைதான் உண்டு. அவ்வேலையை எமது சங்கமே தொடங்கலாம். முன்னைய ஆண்டுகளின் நாடகப் போட்டிகளும் கவியரங்குகளும் விவாதங்களும் ஒலிநாடாவிற் பதியப்பட்டன என்பதை மூத்த பட்டதாரிகள் வாயிலாக அறிகின்றோம். சங்க அறை அலுமாரியின் கீழ்த்தட்டிலே பெயரெழுதாத பதினான்கு நாடாக்கள் இன்று உள்ளன. அவற்றை இயக்கிப் பார்க்க ஒரு கருவி இல்லை. விழா மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு, திருத்தி இயக்கக்கூடிய பழைய கசெற் இயந்திரமொன்றை வாங்குமாறு இவ்வாண்டுச் செயற்குழுவைக் கேட்கிறேன். ஒவ்வொரு நாடாவையும் கணினியிற் பதிந்து மூன்று பிரதி எடுத்து, ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்திலும் ஒன்றை வேறு மாவட்டத்தில் உள்ள பழைய மாணவர் ஒருவர் வீட்டிலும் வைக்க வேண்டும். இவ்விதழைக் கையில் எடுக்கும் பழைய மாணவர் எவரேனும் தம் வீட்டில் அக்காலத்து நாடாக்கள் வைத்திருப்பாராயின், அவற்றை வீடு துப்புரவாக்கும்போது எறியாது எமக்கு ஒரு வரி எழுதுவாராக. யார் பேசியது, எந்த ஆண்டு என்பது நினைவிலிருந்தால் அதனையும் குறித்து அனுப்பினால் நன்று. நாடாவில் உள்ள குரல்களை அடையாளம் காணக்கூடியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.